காலா மீனின் தாய்மார்கள்

அந்தத் தாளின் மேல் மூலையில் ஒரு மீன் செதில் ஒட்டியிருந்தது. ஒட்டவைத்தவள் என் சின்னம்மாவின் மகள். கோலா சிலாங்கூர் ஜெட்டியில், மீன் வெட்டும் மேசைக்குப் பின்னால் நின்றபடி, ஈரக் கையைத் துடைக்காமலே தாளை வாங்கினாள். நேராக ஒருமுறை பார்த்தாள், தலைகீழாக ஒருமுறை பார்த்தாள். "என்னக்கா இது, கொசு கடிச்ச மாதிரி இருக்கு?" என்றாள். மூன்று வாரம் உட்கார்ந்து நான் போட்ட வரைபடம் அது.

நாங்கள் இருவரும் பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு அருகில் ஒரு செம்பனைத் தோட்டத்தில், ஒரே லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள். நான் பட்டம் பெற்று மீன்வள ஆய்வு அலுவலகம் ஒன்றில் சேர்ந்தேன். அவள் கல்யாணமாகிக் கடலோரத்துக்கு வந்து மீன் வெட்டப் பழகினாள். என்னைவிட மூன்று வயது இளையவள். கேலி பேசுவதில் மட்டும் எப்போதும் மூத்தவள். அவள் கணவர் தவுக்கே எனப்படும் ஒரு சீன முதலாளியின் சிறு படகில் வலை இழுத்தார். அந்தப் படகு ஆற்று முகத்துவாரத்தைத் தாண்டிப் போவதில்லை. ஆழ்கடலுக்குப் போகும் அளவுக்கு அதற்கு உடம்பும் இல்லை, இயந்திரமும் இல்லை.

வரைபடத்தை அவளுக்கு விளக்கினேன். ஒவ்வொரு புள்ளியும் ஓர் ஆண்டு. கீழே குறுக்காக ஓடும் கோடு, அந்த ஆண்டு கடலில் இருந்த தாய் மீன்களின் அளவு. நிமிர்ந்து நிற்கும் கோடு, அவற்றின் முட்டைகளிலிருந்து பிழைத்து மறு ஆண்டு வலையில் தென்பட்ட குஞ்சுகளின் அளவு. தாய் பெருகினால் குஞ்சு எவ்வளவு பெருகும், எந்த இடத்துக்குப் பிறகு பெருகாது என்பதைப் புள்ளிகளுக்கு நடுவே செல்லும் ஒரு வளைகோடு சொல்ல வேண்டும். என் புள்ளிகளுக்கு நடுவே எந்தக் கோடும் செல்லவில்லை. தாய் குறைந்த ஆண்டில் குஞ்சு நிறைந்திருந்தது. தாய் நிறைந்த ஆண்டில் குஞ்சைக் காணவில்லை.

அதிலிருந்து நான் எடுத்த முடிவுதான் என்னை அன்று ஜெட்டிக்கு இழுத்து வந்தது. தாய்க்கும் குஞ்சுக்கும் தொடர்பு தெரியவில்லை என்றால், குஞ்சுகளைக் காப்பது ஒன்றே வழி. குஞ்சுகள் வளர்வது முகத்துவாரத்தின் சேற்றுத் திட்டுகளில். ஆகவே முகத்துவாரத்தை ஆண்டு முழுவதும் வலைக்கு மூடிவிடலாம். வரைவு அறிக்கையில் இந்த வாக்கியத்தை எழுதியது நானே. எழுதிய பிறகுதான் அது எத்தனை அடுப்புகளைத் தொடும் என்று எண்ணிப் பார்த்தேன். முதலில் தொடுவது இவள் அடுப்பை. சொல்லாமல் மறைக்க மனம் வரவில்லை.

அவள் கோபப்படவில்லை. கத்தியைக் கழுவி வைத்துவிட்டு, தாய் மீனை எப்படி எண்ணினேன் என்று கேட்டாள். ஜெட்டியில் இறங்கும் காலா மீன்களின் நீளத்தைப் பல ஆண்டுகளாகப் பதிந்து வைத்திருக்கிறோம், அவற்றில் வளர்ந்தவற்றில் பாதி பெண் என்று கொண்டோம் என்றேன்.

"பாதி பொம்பளையா? யாருக்கா சொன்னா?"

அலுவலகக் கணினித் தாளில் அப்படித்தான் இருக்கிறது என்றேன்.

"அந்தக் கணினி என்னிக்காவது மீன் அறுத்துச்சா? முட்டை வேணும்னு கேக்கறவங்களுக்கு நான் பெரிய செனாங்கின மட்டும்தான் எடுப்பேன். சின்னதுல முட்டைக்கு நான் எங்கலா போறது? சின்னதெல்லாம் ஆம்பளக்கா. நடுத்தரத்துல ரெண்டும் கலந்து கெடக்கும்."

ஜெட்டியில் காலா மீனுக்குச் செனாங்கின் என்றுதான் பெயர். அவள் சொல்லி முடிக்கும்போதே என் காது சூடேறியது. காலா மீன் ஆணாக முதிர்ந்து, வளர வளரப் பெண்ணாக மாறும் இனம் என்பதை மாணவியாக இருந்தபோது தேர்வுக்குப் படித்திருக்கிறேன். எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அலுவலகத்தில் எனக்குக் கிடைத்த கணினித் தாள் கெம்போங் எனப்படும் கானாங்கெளுத்தி மீனுக்காக முன்பு ஒருவர் தயாரித்தது. அதில் 'பாதி' என்ற கட்டம் ஏற்கெனவே நிரம்பியிருந்தது. நிரம்பியிருந்த கட்டத்தை நான் கேள்வி கேட்கவில்லை. நான் தாய் என்று எண்ணியவற்றில் பெரும்பகுதி முட்டையே இடாத ஆண் மீன்கள்.

அதன்பிறகு நான்கு மாதம் அவள் மேசையே எங்கள் ஆய்வுக்கூடம். நான் கொடுத்த அளவுப் பலகை வழுக்குகிறது என்று ஓரமாக வைத்துவிட்டு, மேசை விளிம்பிலேயே ஆணியால் கோடுகள் கீறிக்கொண்டாள். வெட்டும் ஒவ்வொரு காலா மீனையும் கீறலோடு ஒட்டிக் கிடத்துவாள். வயிற்றைத் திறந்து ஆண், பெண், மாறிக்கொண்டிருக்கும் நடுவாந்தரம் என்று மூன்றில் ஒன்றைச் சொல்வாள். நான் எழுதுவேன். நான் வர முடியாத நாள்களில் பள்ளிக்கூட நோட்டில் அவளே எழுதினாள். வாடிக்கையாளர் அவசரப்படுத்தினால், "பொறுங்க, இது கவர்மெண்டு மீனு," என்று அடக்குவாள். அவள் கணவர் எங்களைத் தாண்டிப் போகும்போதெல்லாம், ரெண்டு டாக்டரம்மாவும் சேந்து ஒரு மீனுக்கு பிரசவம் பாக்கறீங்களா என்று கேட்டுவிட்டுத்தான் போவார்.

எந்த நீளத்துக்கு மேல் மீன் பெண்ணாகிறது என்பது தெளிவான நாளில், பழைய பதிவுகளைத் திறந்து, ஒவ்வோர் ஆண்டிலும் அந்த நீளத்தைத் தாண்டிய மீன்களை மட்டும் தாயாக எண்ணினேன். புள்ளிகளை மறுபடி இட்டேன். அவை இடம்பெயர்ந்து நின்ற காட்சியை இன்றும் கண்முன் காண்கிறேன். தாய் குறைந்த ஆண்டுகள் கீழே இடப்பக்கம் கூடின. அங்கிருந்து புள்ளிகள் மேலேறி, ஓரிடத்தில் தணிந்து சமமாயின. அவற்றின் நடுவே வளைகோடு தயக்கமில்லாமல் சென்றது. நாங்கள் 'புவான்' என்று மரியாதையாக அழைக்கும் எங்கள் பிரிவுத் தலைவி உடனே பாராட்டவில்லை. ஒவ்வொரு புள்ளியாக நீக்கி நீக்கி வரையச் சொன்னார். எதை நீக்கினாலும் கோடு சாயவில்லை. அப்போதுதான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "முகத்துவாரத்தை மூடு என்ற வாக்கியத்தை நீயே அடித்து நீக்கு," என்று மலாயில் சொன்னார். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்குப் பிறகு எங்கும் கிடைக்கவில்லை.

சுங்கை பெசாரில் மீனவர் கூட்டம் நடந்தது. காக்க வேண்டியது பெரிய மீன்களை. அவை முட்டையோடு கரையை நெருங்கும் சில வாரங்களுக்கு மட்டும் வலையை நிறுத்தினால் போதும் என்று பேசினேன். சில வாரமும் வாரம்தான் என்பது எனக்குத் தெரியும்; அந்த நாள்களில் அவள் மேசை காய்ந்து கிடக்கும். மண்டபத்தில் முணுமுணுப்பு எழுந்தது. வயிற்றைத் திறந்து பார்த்தது யார் என்று ஒருவர் கேட்டார். பின்வரிசையில் அவள் எழுந்தாள். தான்தான் என்றும், நம்பாதவர்கள் நாளைக்கு ஜெட்டிக்கு வந்தால் அறுத்துக் காட்டுவதாகவும் மலாயில் சொன்னாள். மறுநாள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். அறுத்துக் காட்டினாள். அதன்பின் யாரும் கேட்கவில்லை. முகத்துவாரம் ஆண்டில் சில வாரங்களுக்கு மட்டுமே மூடும் என்று முடிவானது.

அறிக்கையில் தரவு சேகரித்தோர் பட்டியலில் அவள் பெயரைச் சேர்க்க அனுமதி கேட்டேன். "போடுக்கா. அப்பா பேரோட முழுசா போடு. படிக்கலன்னு அப்பாதான் ரொம்ப வருத்தப்பட்டுச்சு," என்றாள். முழுதாகவே போட்டோம், பட்டங்கள் உள்ளவர்களின் நடுவில், அகர வரிசைப்படி.

இன்று நான் வேறு கடற்கரையின் வேறு மீன்களுக்குக் கோடு வரைகிறேன். நிரம்பி வரும் கட்டங்களை முதலில் அழித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறேன். இந்த ஆண்டும் முகத்துவாரம் சில வாரங்கள் மூடியிருந்தது. திறந்த முதல் நாள் காலையில் அவள் அழைத்தாள். பின்னால் படகுகளின் இரைச்சல்.

"அக்கா, பெருசு ஆறு அறுத்துட்டேன். ஆறுக்கும் வயிறு காலி. முட்டையெல்லாம் கடல்லயே விட்டுட்டு வந்திருக்கு."