கிணற்றடியில் கிளாடியோலஸ்

எங்கள் அப்பாவுக்கு மண்ணுக்குள் இருப்பதுதான் பயிர். மண்ணுக்கு மேலே நிற்பதெல்லாம் அதற்குச் சேவகம் செய்ய வந்தது. புத்தூரில் வெங்காயம் செய்கிற வீட்டில் பிறந்த எனக்கும் அன்றைக்கு அந்தக் கொள்கையில் மறுப்பு இருக்கவில்லை.

நுவரெலியாவில் படிப்பித்த சின்னம்மா, மாற்றம் கிடைத்துத் தை மாதம் எங்கள் வீட்டோடு வந்துவிட்டார். வந்த கையோடு ஒரு கடதாசிப் பையிலிருந்து தட்டையான கிழங்குகளை எடுத்துக் கிணற்றடியில் ஊன்றினார். சமைக்கலாமா என்று அம்மா கேட்டார். பூவுக்கு என்றார் சின்னம்மா. பெயர் கிளாடியோலஸ். அங்கே கூடப் படிப்பித்த ஒரு மாஸ்டர் கொடுத்தது. யாழ்ப்பாணத்து வெயிலுக்கு இது பூக்காது என்று அவர் பகிடி பண்ணினாராம். பூத்தால் சித்திரை லீவில் வந்து பார்த்துவிட்டு, அப்படியே அப்பாவோடும் கதைப்பதாகச் சொன்னாராம். என்ன கதைப்பார் என்று நான் யோசிக்கவில்லை. பெரிய ஆட்கள் சந்தித்தால் உர விலையைத்தான் கதைப்பார்கள் என்று நினைத்திருந்தேன்.

அன்று இரவு சாப்பிடும்போது அப்பா கேட்டார்.

"உவர் ஆர் ஆக்கள்?"

"தேயிலைத் தோட்டத்து ஆக்கள், அத்தான்."

அப்பா பாதிச் சோற்றில் கையைக் கழுவிக்கொண்டு எழும்பிவிட்டார்.

சின்னம்மா அந்தக் கிழங்குகளைப் பிள்ளை மாதிரிப் பார்த்தார். பங்குனி வெயில் ஏற, கிடுகு சாய்த்து நிழல் கட்டினார். பள்ளிக்கூடத்தால் வந்து சேலையும் மாற்றாமல் கிணற்றடிக்குத்தான் போவார். வாள் போன்ற இலைகளுக்கு நடுவே பச்சைத் தண்டுகள் எழும்பிய அன்று என்னைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினார். எனக்கு வெட்கமாகிவிட்டது.

இரண்டொரு நாளில் அப்பா வெங்காயத்துக்குத் தண்ணீர் மாறப் போன வழியில் அந்தத் தண்டுகளைக் கண்டார். வெங்காயம் பூத்தண்டு விட்டால் முறித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கிழங்கு பருக்காது. முறித்த தண்டை அம்மா சோற்றுக்கு வறை வறுப்பார். அப்பாவின் கை அதற்குப் பழகிய கை. அதில் கள்ளம் இல்லை என்று இன்றும் நம்புகிறேன். பின்னேரம் சின்னம்மா வந்தபோது அப்பா உபகாரம் செய்த திருப்தியோடு சொன்னார்.

"பூத்தண்டை விட்டுப்போட்டுத் திரியிறாய், பிள்ளை. முறிச்சு விட்டிருக்கிறன். இனிப் பார், கிழங்கு என்னமாய்ப் பருக்குமெண்டு."

அம்மா தண்டுகளை முகர்ந்து பார்த்து, வறைக்கு உதவாது என்று குப்பைக்குள் போட்டிருந்தார். சின்னம்மா அவற்றைப் பொறுக்கி மடியில் வைத்துக்கொண்டு, விம்மி விம்மி அழுதார். பூவுக்கு இப்படி அழுகிற ஆளை அப்பா கண்டதில்லை. முதலில் முழித்தார். பிறகு அவர் முகம் மாறிவிட்டது. குசினிக்குப் போய் அம்மாவிடம் சொன்னார். சின்னம்மாவுக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னார்.

"உவன் வந்தானெண்டால் வாசல் முத்தத்திலை நிக்கவைச்சுத்தான் அனுப்புவன். சொல்லிப்போடு உன்ரை தங்கச்சிக்கு."

எனக்கு அது நியாயமாகவே பட்டது. பூ நிற்பது கிணற்றடியில். அதைப் பார்க்க வருகிறவர் வீட்டுக்குள் எதற்கு வரவேண்டும்?

அப்பாவின் கண்ணுக்குத் தப்பிய ஒரு தண்டு கிடுகுக்குப் பின்னால் இருந்தது. சித்திரை லீவு தொடங்கும்போது அது அடியிலிருந்து ஒவ்வொன்றாக விரிந்தது. குங்குமச் சிவப்பு. புத்தூரில் அப்படியொரு பூவை நான் அதற்கு முன் கண்டதில்லை. சின்னம்மா வெகுநேரம் அதன் முன்னால் குந்தியிருந்தார். பிறகு அவரே அதை வெட்டி என் கையில் தந்து, சுவாமி அறையில் வைக்கச் சொன்னார். சந்தோசத்தில் எனக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. மாஸ்டர் இனி வருவார்.

அப்போது சின்னம்மாவின் போன் அடித்தது. மறுபக்கம் கேட்டது என்ன என்று எனக்குத் தெரியாது. சின்னம்மா சொன்னது மட்டும் கேட்டது.

"இல்லை. பூக்கேல்லை. எல்லாம் முறிஞ்சு போச்சுது. நீங்கள் வர வேண்டாம்."

சின்னம்மா மறந்துபோனார் என்றுதான் நினைத்தேன். ஓடிப்போய்ப் பூவை அவர் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தேன்.