இரண்டாம் பிரிவுக்கு மட்டும்

ராணுவத்தை விட்டு வந்து இருபது வருஷம் ஆகியும் அவரை எல்லாரும் 'ஸ்டோர்' என்றுதான் கூப்பிட்டார்கள். ராணுவ வண்டிகளைப் பழுது பார்க்கும் பட்டறையில் சாமான் அறையைக் காத்தவர். நட்டு, போல்ட்டு, பெல்ட்டு, எண்ணெய் டின் எதுவானாலும் அவர் கையைத் தாண்டித்தான் வெளியே போகும். வீட்டிலும் அதே குணம். மனைவி புது சோப்பை எடுத்தால்கூட, "பழசு தீர்ந்துடுச்சா?" என்று கேட்பார். அந்த அம்மாளோ துணிக்கடையில் முப்பது வருஷம் நின்று பேசிப் பழகியவள். "தீரலை. திங்கிறதுக்கு எடுத்தேன்" என்பாள்.

அறுபத்திரண்டாவது வயதில் அவருக்கு ஒரு வேலை கிடைத்தது. முன்னாள் படைவீரர் மருத்துவமனையின் பின்கட்டில் ஓர் ஆய்வு தொடங்கியிருந்தார்கள். ராணுவப் பட்டறைகளில் வேலை பார்த்தவர்களில் சிலருக்கு வயதான பின் கை நடுங்குகிறது, கால் இறுகுகிறது, பேச்சு குழறுகிறது. நடுக்குவாதம். பக்கத்திலேயே நின்று அதே ஸ்பானரைப் பிடித்த இன்னொருவருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஏன் என்று தேடுவதுதான் ஆய்வு. நோய் வந்தவர், வராதவர் இரு தரப்பையும் வீடு தேடிப் போய் ஒரே கேள்விகளைக் கேட்க ஆள் வேண்டும். சிப்பாயிடம் சிப்பாய் பேசினால் வாய் திறப்பார்கள் என்று ஓய்வு பெற்றவர்களையே எடுத்தார்கள்.

இரண்டு வாரம் பயிற்சி. ஆய்வை நடத்திய டாக்டரம்மா, கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு மேஜை முழுக்கத் தேடுகிற ஆள். ஆனால் வேலையில் கறார்.

"உச்சுக் கொட்டக் கூடாது. தலையாட்டக் கூடாது. 'ஆமா, எங்க இடத்துலயும் அப்படித்தான்'னு ஒத்து ஊதக் கூடாது. நீங்க எடுத்துக் குடுத்தா அது அவங்க பதில் இல்லை, உங்க பதில். முக்கியமா ஒண்ணு, உங்களோட ஒரே இடத்துல வேலை பார்த்தவரா இருந்தா ஒரு கேள்விகூடக் கேட்காம படிவத்தைத் திருப்பிக் கொண்டு வந்துடுங்க."

ஸ்டோர் இதை வீட்டில் ஒத்திகை பார்த்தார். மனைவியை எதிரில் உட்கார வைத்து, "வாரத்துல எத்தனை மணி நேரம் ரசாயனப் பொருள்களைக் கையால தொட்டீங்க?" என்றார்.

"உங்க காலர் அழுக்கையும் சேர்த்துச் சொல்லணுமா?"

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு, 'பதில் தெளிவாக இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்தார்.

முதல் இருபத்தேழு வீடுகள் பிரச்சினையில்லாமல் முடிந்தன. எல்லாரும் வேறு வேறு ஊர்ப் பட்டறைக்காரர்கள். இருபத்தெட்டாவது வீடு ஒரு அடுக்குமாடியின் மூன்றாம் தளம். படிவத்தில் ஒரு பெயர் இருந்தது. யாரோ என்று நினைத்துக்கொண்டு மணியை அடித்தார். கதவைத் திறந்த அம்மாள் அவரை ஒரு நொடி உற்றுப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பிக் கத்தினாள்.

"ஏங்க! யார் வந்திருக்காங்கன்னு பாருங்க! ஸ்டோர் அண்ணன்!"

உள்ளே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவரை ஸ்டோருக்கு அடையாளம் தெரியவில்லை. மழித்த முகம். அசையாத கண். மடியில் இரண்டு கைகளும் காசை உருட்டுவதுபோல் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தன. அந்த முகம் மெதுவாக, பாதிதான், சிரித்தபோது ஸ்டோருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மீசை! இரண்டாம் பிரிவின் மெக்கானிக். பட்டறையில் ஆறு வருஷம் மீசை என்றே கூப்பிட்டதில் படிவத்திலிருந்த பெயர் அவருடையது என்பதே மறந்து போயிருந்தது.

"மீசை எங்கடா?" என்று வாயில் வந்துவிட்டது.

"கத்தரிக்கோல் புடிக்க முடியலை. உதட்டைக் கத்தரிச்சுக்குவேன்னு இவ எடுத்துட்டா."

விதிப்படி அப்போதே திரும்பியிருக்க வேண்டும். ஆனால் டீ வந்துவிட்டது. கேள்வி எதுவும் கேட்காமல் குடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று உட்கார்ந்தார். கேட்காமலேயே மீசை பேசினார். வார்த்தைகள் ஒவ்வொன்றாக, கல்லைப் பெயர்ப்பதுபோல் வந்தன.

"உன்னைப் பத்தி அடிக்கடி பேசுவேன். இனிப்புத் தண்ணி ஞாபகம் இருக்கா?"

இருந்தது. கிரீஸைக் கழுவப் பீப்பாயில் வரும் திரவம். பார்க்கப் பச்சைத் தண்ணீர். மோந்தால் லேசாக இனிக்கும். அதனால் அந்தப் பெயர்.

"மத்த பிரிவுக்காரன் எல்லாம் மண்ணெண்ணெயில கை கழுவி நாறுவான். நீ எங்களுக்கு மட்டும் கேட்டப்பல்லாம் கேன் கேனாக் குடுத்தே. நாங்க தொட்டியில ஊத்தி முழங்கை வரைக்கும் விட்டுக் கழுவுவோம். சட்டைகூட அதுலதான் அலசுவோம். ராஜாவா இருந்தோம்டா. நீ மட்டும் தொட மாட்டே. கை அரிக்குதுன்னு சோப்புத்தான் போடுவே."

சாயங்காலம் வாலிபால் ஆட ஸ்டோரைச் சேர்த்துக்கொண்டது இரண்டாம் பிரிவுதான். அந்தப் பாசத்தில்தான் அள்ளிக் கொடுத்தார். யாரும் கேட்டு வாங்காதபோதுகூட, "எடுத்துட்டுப் போங்கடா" என்று தானே கூப்பிட்டுக் கொடுத்திருக்கிறார். ரசாயனக் கேள்வியை இருபத்தேழு வீட்டில் கிளிப்பிள்ளை மாதிரி கேட்டவருக்கு, அது தன்னைக் கேட்கிற கேள்வி என்று ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

"உங்க பிரிவுல வேற யாருக்காவது…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"நெட்டையனுக்கு வந்து போயே சேர்ந்துட்டான். வெல்டருக்கு இருக்கு. டயர்க்காரனுக்கும் ஆரம்பிச்சிருக்காம்" என்றாள் அந்த அம்மாள், மீசையின் காலி டம்ளரை எடுத்தபடி. "என்னண்ணே, முகம் இப்படி வெளுத்துப் போச்சு?"

அவர் தன் கையைப் பார்த்தார். டம்ளர் பிடித்திருந்த அந்தக் கை துளிகூட ஆடாமல் இருந்தது. அவசர வேலை என்று ஏதோ உளறிவிட்டு எழுந்தார். மூன்று மாடி எப்படி இறங்கினார் என்பது அவருக்கே தெரியாது.

நேரே மருத்துவமனைக்குப் போய் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினார். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவளோ பட்டறையின் கோப்பை எடுத்துப் புரட்டினாள்.

"எல்லாப் பிரிவுக்கும் சம அளவுன்னு உத்தரவு இருக்கே? அதை வெச்சுத்தான் உங்க பட்டறையில எல்லாருக்கும் ஒரே அளவு பட்டிருக்கும்னு போட்டோம்."

"உத்தரவு இருந்துச்சும்மா. நான்தான்…"

"அதனாலதான் நோய் வந்தவருக்கும் வராதவருக்கும் வித்தியாசமே தெரியலை" என்றாள், தனக்குத்தானே பேசுவதுபோல். "அந்தத் திரவத்தை சந்தேகப் பட்டியல்லேர்ந்து எடுத்துடலாம்னு போன வாரம்தான் முடிவு பண்ணினோம்."

பிறகு அவள் எழுந்து கதவைச் சாத்தினாள்.

"இனி நீங்க யாரையும் கேள்வி கேட்க முடியாது. உங்களைத்தான் கேட்கணும். இன்னொண்ணு, இது முடியற வரைக்கும் உங்க பட்டறை ஆட்கள்கிட்ட இதைப் பத்தி மூச்சு விடக் கூடாது. சொன்னா, அவங்க ஞாபகம் அந்தப் பக்கமே சாயும். அப்புறம் எதையும் நம்ப முடியாது."

"எவ்வளவு நாள்மா?"

"ஒரு வருஷத்துக்கு மேல ஆகும்."

பதினான்கு மாதம் ஆனது. அந்தப் பதினான்கு மாதமும் மனுஷன் பேயறைந்தவர் மாதிரித் திரிந்தார். மீசையின் வீட்டிலிருந்து போன் வந்தால் எடுக்கவில்லை. கண்ணாடி முன்னால் நின்று கைகளை நீட்டிப் பார்ப்பார், ஆடாது. ஆடினால் நன்றாயிருக்குமே என்று இருக்கும். ஒருநாள் மனைவி பின்னால் வந்து அந்தக் கைகளை இழுத்துக் கீழே விட்டாள். "தெரிஞ்சா குடுத்தீங்க?" என்றாள். "தெரியாமத்தான் குடுத்தேன். ஆனா குடுத்தது நான்தானே?" என்றார்.

விஷயமே தெரியாத வேறு இரண்டு பேர் பட்டறை ஆட்களை ஒவ்வொருவராகப் போய்க் கேட்டு வந்தார்கள். முடிவு வந்த அன்று டாக்டரம்மா அவரைக் கூப்பிட்டுச் சொன்னாள். மற்ற பிரிவுகளைவிட இரண்டாம் பிரிவில் நடுக்குவாதம் ஏறக்குறைய மூன்று மடங்கு.

"ஒரு ஆளைக் காட்டி, இவருக்கு இதனாலதான் வந்துச்சுன்னு என்னால சொல்ல முடியாது. மொத்தமா பார்த்தா சம்பந்தம் பலமா இருக்கு. அவ்வளவுதான்."

அவளுடைய கவனமான வார்த்தைகளில் ஆறுதல் இருப்பது அவருக்குப் புரிந்தது. ஆனால் அது அவர்மேல் ஒட்டவில்லை.

அன்றே மீசையின் வீட்டுக்குப் போய் நின்றபடியே சொன்னார். மீசையின் முகத்தில் கோபம் வந்தாலும் தெரியாது. நோய் அதைப் பூட்டி வைத்திருந்தது. பேசியது அந்த அம்மாள்தான்.

"ஒரு வருஷமா தெரியுமா உங்களுக்கு? இங்க உட்கார்ந்து டீ குடிச்சீங்களே அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்மா."

அவள் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் வெளியே போனார்.

ஆய்வின் முடிவால் அந்தத் திரவம் எல்லாப் பட்டறைகளிலும் நிறுத்தப்பட்டது. இரண்டாம் பிரிவில் இருந்த முப்பத்தொரு பேரையும் தேடிக் கூட்டி வந்து இலவசமாகப் பரிசோதிக்க உத்தரவானது. தேடும் வேலையை ஸ்டோர் கேட்டு வாங்கிக்கொண்டார். ஒன்பது பேர் இறந்திருந்தார்கள். ஒருவன் சட்டையைப் பிடித்தான். ஒருவன் அவரைக் கட்டிக்கொண்டு அழுதான். இரண்டு பேருக்கு நோயின் ஆரம்பமே பரிசோதனையில்தான் தெரிந்தது, மாத்திரையில் சமாளிக்கிறார்கள்.

எட்டு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை காலையில் மீசையின் மனைவியிடமிருந்து போன். தனக்கு மூட்டு வலியாம், மாடி இறங்க முடியவில்லையாம். "அவருக்கு இன்னிக்கு ஆஸ்பத்திரி. உங்களைத்தான் கூப்பிடச் சொன்னார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ஸ்டோர் போனார். மீசையை மாடி இறக்கி, ஆட்டோவில் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார். வாசலில் மீசையின் கால்கள் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிட்டன. அவர் கீழேயே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"கூப்பிட்டதால மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காத."

"நினைக்கலைடா."

"அப்போ கையப் புடி. படி வருது."