பின்னுக்குத் தள்ளி வைத்த சீட்டு

இன்று எங்கள் ஜீப் கேட்டில் மோதிவிட்டது. யாருக்கும் அடியில்லை.

என் கணவர் ஆசைப்பட்டுப் பழசாக வாங்கி, கிள்ளான் நகர் முழுக்க ராஜா மாதிரி சுற்றிய அதே சொகுசு வண்டிதான். அவர் போன பிறகு, வெள்ளிக்கிழமைதோறும் எஞ்சினை மட்டும் ஸ்டார்ட் செய்து அணைத்துவிடுவேன். தன் நீளக் கால்களுக்காக அவர் பின்னுக்குத் தள்ளி வைத்த சீட்டை நகர்த்தாமல், நுனியில்தான் உட்காருவேன்.

துக்க வருடம் முடிந்து இன்று ஆயுத பூசை. நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து மெல்ல உருட்டினேன். பழம் நசுங்கியது. பிரேக்கை மிதித்தேன், பெடல் தரைவரை போனது, வண்டி நிற்கவில்லை.

பக்கத்து ஒர்க்‌ஷாப் மெக்கானிக் மணியம் ஓடிவந்தார்.

"சும்மாவே நிறுத்தி வச்சா பிரேக் பம்ப் ரப்பர் காஞ்சி போயிரும்கா. ஓட்டணும் லா."

பெடலை மிதித்துப் பார்க்க ஏறினார். கால் எட்டவில்லை. நான் வாய் திறப்பதற்குள் சீட்டைச் சர்ரென்று முன்னால் இழுத்துவிட்டார்.

"டூல்ஸ் எல்லாம் பூசையில இருக்குக்கா. நாளைக்கு பிரேக்க சரி பண்ணித் தரேன்."

பிரேக் சரியாகிவிடும்.

என் கணவர் ஓட்ட, அவருக்குப் பின்னால் உட்கார்ந்து போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். சீட்டு எதுவரை இருந்தது? உங்கள் முழங்காலுக்காவது நினைவிருக்கும்.