கார்புரேட்டர் முகத்தில் ஒரு கீறல்

உக்கடத்து மெக்கானிக்குகளிடம் கார்புரேட்டரைக் கழற்றிக் கொடுத்தால் திரும்பி வருவது வேறொன்றாகத்தான் இருக்கும் என்று 1994-இல் எனக்குச் சொல்லாத ஆளே இல்லை. பழைய வண்டியின் ஒரிஜினல் சாமானுக்கு வெளியூரில் ஆள் காத்திருக்கிறதாம், டூப்ளிகேட்டை மாட்டி அனுப்பிவிடுவார்களாம். எங்கள் பம்ப் கம்பெனி வாட்ச்மேன்கூடச் சொன்னார். நானோ, பால்காரர் ஊற்றும்போதே பாத்திரத்தை எட்டிப் பார்க்கிற ஜாதகம். கேட்கவா வேண்டும்?

வண்டி என் அப்பாவுடையது. அறுபத்துமூன்று மாடல் மோட்டார் சைக்கிள், இரண்டு சைலன்ஸர். தொண்டாமுத்தூர் தோட்டத்து மோட்டார் ரூமில் பதினாறு வருடம் சாய்ந்து கிடந்தது. அப்பா போன பிறகு அதை ஓட்டியே தீருவது என்று எனக்கு ஒரு பிடிவாதம் வந்தது. வண்டியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பெட்ரோல் மூடி எங்கே இருக்கிறது என்பது மட்டும். உள்ளூர் மெக்கானிக் ஒருவர் எப்படியோ கிளப்பிக் கொடுத்தார். அது தானாக உறுமியது, கொதித்தது, நின்றது. ஏர் ஃபில்டர் பெட்டியைத் தூக்கிக் கடாசினால் நன்றாக மூச்சு விடும் என்று ஒரு நண்பர் சொல்ல, அதையும் செய்தேன். இன்னும் மோசமாகக் கொதித்தது.

கார்புரேட்டர் என்றதும் எல்லோரும் சொன்ன ஒரே பெயர் பிரான்சிஸ். இப்போது ‘அவர்’ என்று எழுதுகிறேன். அன்று என் வாயிலும் மனதிலும் ‘அவன்’தான். அவருடைய அப்பா எங்கள் தோட்டத்தில் பண்ணைய வேலைக்கு இருந்தவர். மத்தியான டீயை என் அம்மா அவர் கையில் கொடுக்க மாட்டார். கிணற்றடிக் கல்லின் மேல் டம்ளரை வைப்பார், அவர் வந்து எடுத்துக்கொள்வார். சின்ன வயதில் தினமும் அதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு ஒன்றும் தோன்றியதில்லை.

பிரான்சிஸ் எட்டாவதோடு பள்ளியை விட்டு, தோட்டங்களில் மருந்தடிக்கும் மெஷின்களைப் பிரித்துப் பிரித்துத் தொழில் பழகியவர். முதலில் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்பில் ஒரு கார்புரேட்டர் காணாமல் போய், பழி இவர்மேல் விழுந்தது. நாலு நாள் கழித்து அது முதலாளியின் மச்சான் வீட்டில் கிடைத்தது. ஆனால் இவரை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. அதன்பிறகு உக்கடத்தில் வெங்கடபதி என்பவரின் ஸ்பேர்ஸ் கடை வாசலில் ஒரு பெஞ்சைப் போட்டு உட்கார்ந்தார். வெங்கடபதி ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். பொருள் மாறிப்போச்சு என்று ஒரு வண்டிக்காரர் வாயைத் திறந்தாலும் அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட வேண்டும். எட்டு வருடமாக யாரும் திறக்கவில்லை. இந்தக் கதை உக்கடத்தில் டீக்கடைக்காரர் வரை எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

அதனால் பிரான்சிஸ் ஒரு பழக்கம் வைத்திருந்தார். வண்டிக்காரர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தால்தான் ஸ்குரூவில் கை வைப்பார். கழற்றிய சாமானை ஆளுக்கொரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, மேலே பெயர் எழுதிவிடுவார். இதைக் கேள்விப்பட்டபோது எனக்கு மரியாதையா வந்தது? உட்கார வைத்தே ஊரை ஏமாற்றுகிற கில்லாடியாக இருப்பான் என்றுதான் நினைத்தேன். கிளம்பும் முன் வீட்டிலேயே கார்புரேட்டரைக் கழற்றினேன். எஞ்சினோடு போய்ச் சேருகிற தட்டையான முகத்தில், மாட்டினால் வெளியே தெரியாத இடத்தில், ஓர் ஆணியால் ‘க’ என்று ஆழமாகக் கீறினேன். கிருபாசங்கர் என்கிற என் பெயரின் ‘கி’தான், மேல்வளைவு போட ஆணிக்கு வசதிப்படவில்லை. இனி எப்படி மாற்றுகிறாய் பார்க்கலாம் என்று மறுபடி மாட்டிக்கொண்டேன்.

வண்டியைக் கண்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி ஃபில்டர் பெட்டி எங்கே என்பதுதான். தூக்கிப் போட்டேன் என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். பிளக்கைக் கழற்றிக் காட்டினார். சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருந்தது.

“இது காப்பித்தூள் நெறத்துல இருக்கோணுமுங்க. கறுத்திருந்தா பெட்ரோலு சாஸ்தி, வெளுத்திருந்தா காத்து சாஸ்தி. அந்தப் பெட்டி எவ்வளவு காத்து வுடுமோ அதுக்குத் தக்கனதாங்க உள்ள ஜெட்டு வெச்சிருக்கறாங்க. பெட்டிய எடுத்துப்போட்டா பிஸ்டன் புடிச்சுக்கும். இன்னும் ரெண்டு மைல் ஓட்டியிருந்தீங்கன்னா முடிஞ்சுதுங்க.”

அடுக்கிக்கொண்டே போனார். பெட்ரோல் வருகிற ஜெட் துவாரத்தில் கம்பி விடவே கூடாது, துவாரம் பெரிதாகிவிடும், ஊற வைத்து ஊதத்தான் வேண்டும். பெட்டிக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் உள்ள ரப்பர் வெடித்திருந்தால் மாற்ற வேண்டும். டேங்க்கில் துரு இருந்தால் அதை முதலில் கழுவ வேண்டும். கார்புரேட்டரைக் கழற்றி வைத்தால் பெட்டியின் வாயைத் துணியால் மூடலாம், ஆனால் துணியின் வால் வெளியே தொங்க வேண்டும். நான் தலையை ஆட்டினேனே தவிர, கண் முழுக்க அவர் விரல்மேல்தான் இருந்தது. கழற்றிய கார்புரேட்டரின் முகத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார். ஜெட்டை ஒருநாள் ஊற வைக்க வேண்டும், நாளைக்கு லீவு போட்டு வந்து உட்காருங்கள் என்றார். எனக்கு லீவு கிடைக்காது, நீயே முடித்து வை என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் ஒப்புக்கொண்டார்.

அடுத்த நாள் சாயங்காலம், கடாசிய ஃபில்டர் பெட்டியைத் தேடி எடுத்துக்கொண்டு போனேன். மாட்டி உதைத்தார். அப்பா ஓட்டிய காலத்துச் சத்தம் வந்தது. வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டேதான் வந்தேன். ஆனால் புத்தி சும்மா இருக்குமா? மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அருமையாக ஓடுகிற வண்டியிலிருந்து, வேலை மெனக்கெட்டு, கார்புரேட்டரைக் கழற்றிப் பார்த்தேன். முகம் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. ‘க’ இல்லை.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. டூப்ளிகேட்டை மாட்டிவிட்டானே! கையில் கிடைத்த திருப்பூர் பனியன் வேஸ்ட் துணியை ஃபில்டர் பெட்டியின் வாயில் திணித்துவிட்டுப் பக்கத்து வீடு, மாமா வீடு என்று போய்ச் சொன்னேன். எல்லோரும், அப்பவே சொன்னேனே என்றார்கள். அந்தச் சந்தோஷத்தோடு திரும்பி வந்து, கார்புரேட்டரை மாட்டி, நேரே உக்கடத்துக்கு விட்டேன். வழியெல்லாம் கரும்புகை. பேரூர் தாண்டி நின்றேவிட்டது. டூப்ளிகேட் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? மீதித் தூரம் தள்ளிக்கொண்டே போனேன், வாய்க்குள் வசனம் தயார் செய்தபடி.

கடை வாசலில் பத்துப் பேர் இருந்தார்கள். அவர்கள் முன்னால் கத்தினேன். திருட்டுப்பயல் என்றேன். அதோடு நிற்கவில்லை. எங்கள் தோட்டத்துச் சோற்றில் வளர்ந்த குடும்பம், எங்களிடமே கைவரிசையைக் காட்டுகிறது என்றேன். எழுதவே கூசுகிறது, ஆனால் சொன்னேன். பிரான்சிஸ் தலையைத் தூக்கவில்லை. வெங்கடபதி வெளியே வந்தார், முழுதும் கேட்டார். பெட்டியை எடுத்துக்கொள் என்று பிரான்சிஸிடம் ஒரே வார்த்தை சொன்னார்.

பிரான்சிஸ் ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் அடுக்கினார். ஒரு ஸ்பேனரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, இத்தனை பேர் இருக்கும்போதே வண்டியைத் திறந்து பார்த்துவிடலாமா என்று என்னிடம் கேட்டார். தாராளமாகத் திற என்றேன்.

முதலில் ஃபில்டர் பெட்டியின் மூடியைக் கழற்றினார். இரண்டு விரலை உள்ளே விட்டு இழுத்தார். சிவப்புப் பனியன் வேஸ்ட் நீளமாக வந்துகொண்டே இருந்தது. யாரோ சிரித்தார்கள். அடுத்துக் கார்புரேட்டரைக் கழற்றினார். எஞ்சின் பக்கம் ஒட்டிக்கொண்டிருந்த பேக்கிங்கைப் பிளேடால் மெதுவாக உரித்தார். காற்றுப் புகாமல் நடுவில் வைப்பதற்காக, ஏதோ கல்யாணப் பத்திரிகை அட்டையில் அவரே வெட்டிய பேக்கிங். வீட்டில் நான் கழற்றியபோது அது எஞ்சினிலேயே இருந்துவிட்டது, நான் அதைப் பார்க்கவேயில்லை. அதைத் திருப்பி என்னிடம் நீட்டினார். பேக்கிங் வெட்டுவதற்காக அட்டையைக் கார்புரேட்டர் முகத்தில் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்திருக்கிறார். பென்சில் கறுப்புக்கு நடுவில் வெள்ளைக் கோடாக ஓர் எழுத்து.

‘க’.

“கீறுன பள்ளத்துல காத்து இழுக்குமுங்க, மறுபடியும் பிளக்கு வெளுத்துப்போயிரும். அதுனால கண்ணாடித் துண்டு மேல எமரித்தாள் போட்டு நானே தேச்சு எடுத்துப்போட்டேன். நீங்கதான் கீறுனீங்கன்னு அன்னைக்கே தெரியுமுங்க. சொன்னா உங்க மனசு சங்கடப்படுமேன்னுதான் சொல்லலைங்க.”

வெங்கடபதி தொண்டையைச் செருமினார். சரி, பெட்டியை உள்ளே வை, உட்காரு என்றார். பிரான்சிஸ் என் வண்டியை மாட்டி முடித்தார். ஓர் உதையில் கிளம்பியது. கையைத் துடைத்துக்கொண்டு, பெட்டியை சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டி, பஸ் ஸ்டாண்டு பக்கம் தள்ளிக்கொண்டு போனார். நான் பின்னால் ஓடியிருக்க வேண்டும். பத்துப் பேர் பார்க்கிறார்களே என்று நின்றேன்.

அவர் பெருந்துறையில், சிப்காட் பக்கம் சொந்தமாகக் கடை போட்டிருக்கிறார் என்று இரண்டு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. தேடிப் போனேன். உக்கடத்தில் பார்த்த அதே பிஸ்கட் டப்பாக்கள், அதே ஸ்டூல். என்னைக் கண்டதும் எழுந்து நின்று, வாங்க என்றார். மன்னிப்புக் கேட்டேன். அதெல்லாம் எதுக்குங்க இப்ப என்று, அவர் மனைவி மெர்சியைக் கூப்பிட்டு டீ போடச் சொன்னார். டீயை என் கையில்தான் கொடுத்தார்கள்.

இப்போது வருடம் ஒருமுறை வண்டியை அங்கேதான் கொண்டுபோகிறேன். மற்றவர்கள் வண்டியை அவரே பிரிப்பார். என் வண்டியை மட்டும் நானேதான் பிரிக்க வேண்டும். எந்த ஸ்குரூ, எத்தனை சுற்று, ஊசி எந்தக் காடியில் உட்கார வேண்டும் என்று நாலடி தள்ளி நின்று பொறுமையாகச் சொல்வார். போன தடவை ஜெட்டில் ஒரு சந்தேகம். உள்ளங்கையில் வைத்து அவரிடம் நீட்டினேன். அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

“அந்தக் கல்லு மேல வெச்சுப்போடுங்க, நான் எடுத்துப் பாக்கறேனுங்க” என்றார்.

வாசல் கல்லின் மேல் வைத்துவிட்டு நகர்ந்து நின்றேன்.