பழகிப்போன காது

ஐம்பதுகளின் கடைசியில், திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரியின் பின்கட்டில் எனக்கென்று ஓர் அறை கொடுத்திருந்தார்கள். மேல்வாய் பிளந்து பிறந்த பிள்ளைகளுக்கு டாக்டர் தையல் போட்டு அனுப்பிய பிறகு, அவர்களுக்கு ஒவ்வோர் ஒலியாகச் சொல்லவைப்பது என் வேலை. சென்னையில் ஒரு வருஷம் அதற்காகவே படித்துவிட்டு வந்திருந்தேன். அக்கம்பக்கத்தில் யாருக்கும் அது ஒரு வேலையாகவே தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது, "பேசறதுக்குக்கூட டியூஷனா?" என்று கேட்பார்கள். இருபத்து மூன்று வயது எனக்கு. கோபம் மூக்குக்கு மேல் வரும்.

அறையில் ஒரு பெஞ்சு, ஒரு கைக்கண்ணாடி, ஊதிப் பழக ஒரு கோழி இறகு, ஒரு மெழுகுவர்த்தி. மூன்று மணிக்கு மேல் மேற்கு ஜன்னல் வழியாக வெயில் வந்து கண்ணாடியில் விழும். அதைக் கொஞ்சம் அசைத்தால் ஒரு வெளிச்சத் துண்டு கூரையில் நீந்தும். அதைப் பார்த்துக்கொண்டே பிள்ளையும் நானும் உட்கார்ந்திருந்த நேரங்கள் உண்டு. இப்போது நினைத்தால் அங்கே சம்பளத்துக்கு வேலை பார்த்த மாதிரியே இல்லை. தண்ணீருக்கு அடியில் அரைத் தூக்கத்தில் இருந்த மாதிரி இருக்கிறது.

"ப" சொல்ல உதடு மூட வேண்டும். மூச்சு வாய்க்குள் சேர வேண்டும். பிறகு உதடு விட வேண்டும். நமக்கு இது ஒரு விஷயமே இல்லை. மேல்வாயில் ஓட்டையோடு பேசிப் பழகிய பிள்ளைக்கு, தைத்த பிறகும் மூச்சு பழைய வழியிலேயே மூக்குக்குப் போய்விடும். அதனால் மூக்குக்குக் கீழே கண்ணாடியைப் பிடிப்பேன். அதில் ஆவி படிந்தால் தப்பு, படியாவிட்டால் சரி.

ஏழு வயதுப் பெண் ஒருத்தி திருவெள்ளறையைத் தாண்டி ஒரு சிற்றூரிலிருந்து வந்தாள். அவளுடைய அம்மாவுக்கு மண்ணச்சநல்லூரில் ஒரு ரைஸ் மில்லில் நெல் காயவைக்கிற வேலை. வாரம் இரண்டு நாள் அதை விட்டுவிட்டு மகளை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வருவார். இருவர் மேலும் புழுங்கிய நெல்லின் வாசம் அடிக்கும். ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார், பேச்சு புரிகிற மாதிரி ஆனதும் கொண்டுவரச் சொல்லியிருந்தார். அடுத்த ஜூனிலும் சேரவில்லை என்றால் அவளை ஆடு மேய்க்க அனுப்புவதென்று அப்பா முடிவு கட்டிவிட்டார்.

"ஆடு மேய்க்கப் பேச்சு எதுக்குன்னு கேக்குறாருங்க, டீச்சர்," என்று அம்மா சொன்னார். "நான் என்னத்தைச் சொல்றது?"

நான் கேட்டதற்காக மில்லிலிருந்து ஒரு நாள் மடியில் உமி கட்டிக்கொண்டு வந்தார். குழந்தையின் உள்ளங்கையில் அதை வைத்து ஊதச் சொன்னேன். முதலில் மூக்கைப் பிடித்துக்கொண்டு, பிறகு விட்டுவிட்டு. மூக்கை விட்டால் நாள் கணக்கில் உமி அசையவே இல்லை. ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் அது எழும்பி என் புடவை, தலைமுடி, கண் இமை எல்லாவற்றிலும் வந்து ஒட்டியது. கூடவே ஒரு "ப" வந்தது. கண்ணாடி துடைத்து வைத்த மாதிரி இருந்தது. மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வார்டு நர்ஸ் வந்து அதட்டிவிட்டுப் போனார்.

பிறகு "க". ஒரு வாய்த் தண்ணீரை அண்ணாந்து தொண்டையில் நிறுத்திப் பழகினாள். தை போய் மாசி வந்தது. அவள் பேச ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. ஆற்று மணலில் காய்கிற வெள்ளைத் துணிகளை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததை, அவை எழுந்து வரிசையாகத் தண்ணீருக்குள் நடந்துபோவதாகக் கனவு கண்டதை, எல்லாவற்றையும் சொல்வாள். நான் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு வார்த்தைகூட எனக்குத் தப்பவில்லை.

"ஜூன்ல சேர்த்துடலாம். நானே கூட வர்றேன்," என்று அம்மாவிடம் சொன்னேன். கொஞ்சம் தலைக்கனம்தான்.

ஜூனில் மூவரும் அந்த ஓட்டுக்கட்டிடப் பள்ளிக்கூடத்தில் போய் நின்றோம். வாத்தியார் நடுவயதுக்காரர், நிதானமானவர். பெயரைக் கேட்டார். அவள் சொன்னாள். அவர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார். அவள் சொன்னாள், அவர் பார்த்தார், நான் சொன்னேன். இப்படியே நாலைந்து கேள்வி போயிற்று. எனக்குப் பெருமையில் வாயெல்லாம் பல்.

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். "டீச்சரம்மா, நீங்க சொல்றது நல்லாப் புரியுதுங்க. பாப்பா சொல்றதுதான் ஒண்ணும் புரியலை."

எனக்குச் சுரீரென்றது. இந்த மனுஷனுக்குக் காது மந்தமோ என்று மனசுக்குள் திட்டினேன். அம்மா தலையைக் குனிந்துகொண்டார். வாத்தியார் நல்லவர். விஜயதசமிக்கு மறுபடி கொண்டுவரச் சொன்னார், அதுவரை அப்பாவிடம் தானே பேசிக்கொள்வதாகவும் சொன்னார்.

திரும்பி வரும் பஸ்ஸில்தான் எனக்கு உறைத்தது. ஒன்பது மாதத்தில் அவள் பேச்சு பாதி வழிதான் வந்திருக்கிறது. மீதிப் பாதியை என் காது நடந்துபோய் அழைத்து வந்திருக்கிறது. அம்மாவின் காது ஏழு வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தது. படித்தவள் நானும் அதையே செய்திருக்கிறேன். வெட்கத்தில் அன்று யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அடுத்த முறை அவள் வந்தபோது நான் புரிந்துகொள்வதை நிறுத்தினேன். ஏதாவது கேட்டால், "என்ன?" என்பேன். திரும்பச் சொன்னால், "இன்னும் புரியலையே," என்பேன். கண்ணில் நீர் முட்ட அம்மாவைப் பார்ப்பாள். அம்மாவைச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்காரச் சொல்லியிருந்தேன். பாவம், அவர் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். என்னை ராட்சசி என்று நினைத்திருப்பார்.

அதுவும் போதவில்லை. என் காதை நானே நம்பவில்லை. அவளை ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதிக்குக் கூட்டிப்போனேன். யாராவது ஒருவரிடம் போய் மணி கேட்டு வர வேண்டும். நான் பத்தடி தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பேன். பூக்காரர் ஒருவர் பதில் சொன்னார். வளையல் கடைக்காரர் கையை விரித்தார். ஒரு மாமி குனிந்து, "என்னடி கொழந்தே கேக்கறே? பெருமாள் சேவிக்க வந்தியா?" என்று கன்னத்தைத் தொட்டார். அவர்களிடம் அவள் சொன்னதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டு, எந்த ஒலி எங்கே மூக்குக்கு ஓடுகிறது என்று மறுநாள் பார்ப்போம். மறுபடி இறகு, கண்ணாடி. மறுபடி வீதி.

அந்தச் சாயங்காலங்கள் எனக்குக் கனவு மாதிரிதான் நினைவிருக்கின்றன. கண்ணை மூடி நிற்பேன். ஜட்கா வண்டியின் சத்தம், துளசி வாசனை, எங்கேயோ மணி. எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு சின்னக் குரல் போகும். பிறகு, பதில் வரும்வரை ஒன்றுமே இருக்காது. அந்த ஒன்றுமில்லாத நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். புரட்டாசியில் ஒரு நாள் வேறொரு மாமி, நடையை நிறுத்தாமலே, "நாலரை ஆறதுடி," என்று சொல்லிவிட்டுப் போனார். குனியவில்லை, கன்னத்தைத் தொடவில்லை. எனக்கு அந்த மாமியின் காலில் விழலாம் போலிருந்தது.

விஜயதசமிக்கு நான் போகவில்லை. போனால் என் முகத்தைப் பார்ப்பாள். அம்மாவிடமும், "நீங்க வெளியவே நில்லுங்க. வாத்தியார் கூப்பிட்டா மட்டும் உள்ள போங்க," என்று சொல்லி அனுப்பினேன். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அம்மா மட்டும் தனியாக வந்து கதவருகில் நின்றார். குழந்தை எங்கே என்று அவருக்குப் பின்னால் பார்த்தேன்.

"என்னம்மா ஆச்சு?"

"வேப்பமரத்தடியில நின்னேங்க. அவ உள்ள போனா. இப்பக் கூப்பிடுவாரு, இப்பக் கூப்பிடுவாருன்னு நின்னேன். வெயிலே ஏறிடுச்சு."

"அப்புறம்?"

"கூப்பிடவே இல்லீங்க. மத்தியானம் மணி அடிச்சதும் மத்த பிள்ளைங்களோட அவளும் வர்றா, கையில சிலேட்டோட." அவர் சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணீரும் வழிந்துகொண்டிருந்தது. "அவ வாயைத் தொறந்தா எல்லாரும் என்னைத்தாங்க பார்ப்பாங்க. என்ன சொல்றா, என்ன சொல்றான்னு கேப்பாங்க. இப்ப ஒருத்தரும் கேக்கலை. கை ஒடிஞ்ச மாதிரி இருக்குங்க, டீச்சர்."

பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். சந்தோஷத்தில் எனக்கும் அழுகை வந்தது. அவள் இனி வாரம் இரண்டு நாள் வரமாட்டாள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.