மறுபடியும் ஊசி

டிரைவிங் ஸ்கூலில் அவளுக்குப் பிரேக்கு அக்கா என்று பெயர். பழக வந்தவர்கள் வண்டியை லாரிமேல் விடப் போகும்போதெல்லாம், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து தன் காலடியிலிருக்கும் பிரேக்கை மிதிப்பதுதான் வேலை. பிறர் தவறுக்குக் கால் வலித்தே பொறுமையெல்லாம் தேய்ந்துவிட்டது.

ஒருநாள் அப்படி மிதித்தபோது சீட் பெல்ட் இறுக்கி, இடது மார்பில் ஏதோ உறுத்தியது. வீட்டுக்கு வந்து தடவிப் பார்த்தாள். பட்டாணி அளவில் ஒரு கட்டி. வலியே இல்லை.

ஸ்கேன் பார்த்த டாக்டர், ஊசியால் கொஞ்சம் செல் எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார். கணவரிடம் மட்டும்தான் சொன்னாள். பழுதான மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் அந்த மனிதர் வாயில் எதுவும் தங்காது. மறுநாளே அவருடைய அக்கா, இவளுக்கு அண்ணி, பையும் கையுமாக வந்து இறங்கிவிட்டார்.

"ஊசி குத்தினா உள்ள இருக்கறது உடம்பெல்லாம் பரவிடும். சும்மா கிடக்கறத எதுக்குக் கிளறணும்?" என்று அண்ணி ஒரே பிடியாக நின்றார். டாக்டர் பரவாது என்று சொன்னதை இவள் எத்தனை தரம் சொன்னாலும் சுவரிடம் பேசுவது போலத்தான் இருந்தது. கடைசியில் யாரிடமும் சொல்லாமல் கிளம்பிப் போனாள்.

படுக்கவைத்து, கையைத் தலைக்கடியில் வைக்கச் சொன்னார்கள். லேடி டாக்டர் கட்டியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, ரத்தம் எடுக்கும் ஊசியைவிட மெல்லிய ஊசியை உள்ளும் வெளியுமாக அசைத்தார். வந்ததைக் கண்ணாடித் துண்டில் தேய்த்தார். அவ்வளவுதான். இதற்கா வீட்டில் அத்தனை ரகளை என்று எரிச்சலாக வந்தது.

ரிசல்ட் வந்தபோது எரிச்சல் இன்னும் ஏறியது. செல்கள் போதவில்லையாம், மறுபடி எடுக்க வேண்டுமாம்.

"குத்தினது நிஜம்தானே டாக்டர்? அப்புறம் எப்படிப் பத்தாம போச்சு?"

"சில சமயம் ஊசி கட்டிக்குப் பக்கத்துல போயிடும்மா. கிடைக்கலைங்கறதால ஒண்ணும் இல்லைன்னு ஆயிடாது. இந்தத் தடவை ஸ்கேன்ல பாத்துக்கிட்டே எடுக்கறேன்."

இதை அப்படியே கணவரிடம் சொன்னாள். 'ஒன்றும் கிடைக்கவில்லை' என்பதை 'ஒன்றும் இல்லை' என்று எடுத்துக்கொண்டு, அவர் சொந்தபந்தம் முழுக்கப் போன் போட்டுவிட்டார். வாழ்த்துச் சொன்னவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லியே அவள் தொண்டை வற்றியது.

இரண்டாவது ஊசியில் தெரிந்துவிட்டது, புற்றுதான். தடித்த ஊசியால் சதை எடுத்து உறுதிசெய்து, கட்டியை அறுத்து அகற்றினார்கள். ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டோம் என்றார் டாக்டர்.

வீட்டில் ஒத்தாசைக்கு அண்ணிதான் இருந்தார். கை தூக்க முடியாதவளுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தபோது, சீப்பு பாதியில் நின்றது.

"எனக்கும் ஒண்ணு இருக்கு. போன வருஷத்துலேர்ந்து."

பரவிடும், கிளறாதே என்று அண்ணி இத்தனை நாள் வாதாடியது யாருக்காக என்று பிரேக்கு அக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது. பாவம் என்று நினைப்பதற்குள் கோபம் முந்திக்கொண்டது.

"பையை எடுங்க அண்ணி. பேசாம என்கூட வாங்க."

பாதி வாரிய தலையோடு ஆட்டோவில் ஏறினாள். ஆஸ்பத்திரியில் அண்ணிக்கு ஸ்கேன் பார்த்துவிட்டு அதே டாக்டர் ஊசியைப் போட்டதும், குழலில் மஞ்சளாக நீர் ஏறியது. கட்டி அங்கேயே அமுங்கிப் போனது. வெறும் நீர்க்கட்டி, பயமில்லை, வருடத்துக்கொருமுறை வந்து காட்டினால் போதும் என்றார்.

"அவ்ளோதானா?" என்றார் அண்ணி.

"அவ்ளோதான். இதுக்கா ஒரு வருஷம் தூங்காம கிடந்தீங்க?" வீடு வரும்வரை அண்ணியின் கையை அவள் விடவில்லை, திட்டுவதையும் நிறுத்தவில்லை.

கதிர்வீச்சுச் சிகிச்சையும் முடிந்து அவள் வேலைக்குத் திரும்பிவிட்டாள். இருவரும் ஒன்றாகத்தான் பரிசோதனைக்குப் போகிறார்கள். கிளம்பும் நேரம் பார்த்து அண்ணிக்கு எப்போதும் தலைவலி வந்துவிடுகிறது. இவள் ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டுத்தான் அவரைக் கூப்பிடவே செய்கிறாள்.