எலிக்குக் கிச்சுக்கிச்சு மூட்டியவள்

நெப்ராஸ்காவில் மக்காச்சோளம் விளைகிற வீட்டில் பிறந்த பெண்ணுக்கு எலியைக் கொல்ல யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நடக்கப் பழகும்போதே கால் அதையும் பழகிவிடும். லியோனா கூபிசெக்கின் அப்பா மிலோ, சோளக் கிடங்கைத் திறக்கும்போது ஓர் எலி வெளியே பாய்ந்தால் பூட்ஸ் காலால் ஒரே மிதிதான். நாற்பது வருஷப் பழக்கம்.

அந்த மனிதரின் மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் கிடைத்த வேலை என்ன தெரியுமா? எலிகளுக்குக் கிச்சுக்கிச்சு மூட்டுவது.

சிரிக்காதீர்கள், நிஜமான வேலை. விலங்குக் கூடத்தில் மாணவப் பணியாளர் என்று பெயர். வகுப்புக்கு முன்னால் வந்து கூண்டு மாற்றி, தண்ணீர்ப் புட்டி நிரப்பி, அட்டையில் குறித்து வைக்க வேண்டும். பிறகு ஆய்வு எலிகள் மனிதக் கையைக் கண்டு நடுங்காமல் இருக்க, தினமும் ஒவ்வொன்றையும் மெல்ல மல்லாத்தி வயிற்றில் விரலால் விளையாட வேண்டும். சந்தோஷம் வந்தால் எலியும் சிரிக்கும். அந்தக் கீச்சு நம் காதுக்கு எட்டாது. வௌவால் சத்தம் கேட்க வைத்திருக்கும் சின்னக் கருவியைப் பக்கத்தில் வைத்தால் கேட்கும்.

முதல் நாளே லியோனாவின் மானம் போனது. கூண்டு மூடியைத் திறந்ததும் முப்பத்தொன்றாம் எண் எலி அவள் சட்டைக் கையில் தாவியது. உதறினாள். அது தரையில் விழுந்தது. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்குமா? கால் தானாக உயர்ந்துவிட்டது. கூடத்தை நடத்துகிற வெர்னா மட்டும் அவளைப் பிடித்துத் தள்ளியிராவிட்டால் எலியின் கதை அன்றோடு முடிந்திருக்கும்.

"ஏம்மா, இங்க நீ பாத்துக்க வந்தியா, தீத்துக்கட்ட வந்தியா?" என்றாள் வெர்னா.

"சத்தியமா வேணும்னு செய்யல வெர்னா. காலு அதுவா போயிருச்சு."

"நல்ல காலு! அந்தக் காலை வீட்லயே விட்டுட்டு வா நாளைக்கு."

வேலை போகவில்லை. ஆனால் அன்றிலிருந்து முப்பத்தொன்று யார் கை வந்தாலும் கடித்தது. "கெடுத்தது நீ, சரிபண்றதும் நீதான்" என்று வெர்னா சொல்லிவிட்டாள். ஏப்ரலில் ஆய்வு முடிகிறது. முன்பின் தெரியாத கைக்கும் அடங்குகிற எலிகளை வீடுகளுக்குக் கொடுத்துவிடுவார்கள். கடிக்கிற எலிக்கு ஊசி, அவ்வளவுதான். தன் கால் செய்த தவறுக்காக ஓர் உயிர் போவதை லியோனாவால் தாங்கவே முடியவில்லை.

முதல் வாரம் கூண்டுக்குள் கையை வைத்துச் சும்மா உட்கார்ந்திருந்தாள். மூன்று கடி வாங்கினாள். விரல் நுனியில் வேர்க்கடலை வெண்ணெய் தடவிப் பார்த்தாள். ஐந்தாவது வாரம் அது தானாகவே அவள் கைக்கு வந்து மல்லாந்தது. கருவி கீச்சுக்கீச்சென்று பொரிந்தபோது லியோனா அந்த அறைக்குள்ளேயே ஆடினாள். சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம்!

அப்பாவிடம் மட்டும் உண்மையைச் சொல்ல நா எழவில்லை.

"பிராணிங்களோடதான வேலை? கறவை மாடா?" என்பார் தொலைபேசியில்.

"அதைவிடக் கொஞ்சம் சின்னதுப்பா."

"கன்னுக்குட்டியா? பலே!"

சோதனை நாளான வெள்ளிக்கிழமை வந்தது. எலியிடம் கையை நீட்டுவதாகச் சொல்லியிருந்த வேறு துறைப் பையனுக்குக் காய்ச்சல். எலிகளைச் சோதித்துக் கையெழுத்திடும் விலங்கு மருத்துவர் ஹால்வர்சன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னிக்கு முடிச்சாகணும் லியோனா. தெரியாத ஆள் யாராவது இருக்காங்களா?"

அப்போதுதான் கதவைத் தட்டினார் மிலோ. டிராக்டருக்குச் சாமான் வாங்க நகரத்துக்கு வந்தவர், மகளுக்கு அம்மா சுட்ட கொலாச்சியை, ஆப்ரிகாட் பழம் வைத்த இனிப்பு ரொட்டியை, ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்திருந்தார்.

"எங்கம்மா உன் கன்னுக்குட்டி?"

லியோனா மேஜையில் துண்டின்மேல் உட்கார்ந்திருந்த முப்பத்தொன்றைக் காட்டினாள். மிலோவின் முகம் போன போக்கைப் பார்த்து வெர்னா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எலியா? எலிக்கா வேலை பாக்குற? நம்ம வீட்ல பொறந்துட்டா?"

"அப்பா, பிறகு திட்டுங்க. இப்ப கையை மட்டும் நீட்டுங்க. இல்லாட்டி இதைக் கொன்னுருவாங்க. என்னாலதான்பா இது இப்படி ஆச்சு."

மகளின் கண் கலங்கியதைக் கண்டு அவர் பெட்டியைக் கீழே வைத்தார். அந்த நேரம் பார்த்து முப்பத்தொன்று மேஜையிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து தரை என்று இறங்கி, நேரே அவர் பூட்ஸை நோக்கி ஓடியது. கொலாச்சி வாசனை இழுத்திருக்கும்.

மிலோவின் கால் உயர்ந்தது.

 அந்தக் கால் லியோனாவுக்குத் தெரியும். அவளுடைய கால்தான் அது.

உயர்ந்த கால் இறங்கவில்லை. அறுபத்திரண்டு வயசு மனிதர் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் தள்ளாடினார். எலி அடியில் நின்று மீசையை ஆட்டியது. மிலோ காலைத் தள்ளி ஊன்றி, முனகிக்கொண்டே மண்டியிட்டு, வெடித்துப்போன பெரிய கையைத் தரையில் விரித்தார். முப்பத்தொன்று முகர்ந்தது. ஏறியது. கடிக்கவில்லை.

"இப்ப மெதுவா மல்லாத்தி, வயித்துல ஒரு விரலாலப்பா."

மேஜைமேல் இருந்த வௌவால் கருவி பொரியத் தொடங்கியது.

"என்ன சத்தம் அது?"

"சிரிக்குதுப்பா."

மிலோ மறுபடி விரலால் வருடினார், கருவி மறுபடி பொரிந்தது. "நாப்பது வருஷம்" என்றார். "ஒருத்தனாவது சொன்னானா, இதுங்க சிரிக்கும்னு?"

"பாஸாயிருச்சு, போதும் விடுங்க" என்றார் மருத்துவர், கையெழுத்துப் போட்டபடி.

"கொஞ்சம் இருங்க டாக்டர்" என்றார் மிலோ, விரலை எடுக்காமல். "இன்னும் சிரிச்சு முடிக்கல அது."